திருச்சிராப்பள்ளி அறிக்கையும் இணக்கவுரை பயிற்றலும்

1. தோற்றுவாய்

மணமேல்குடி பாண்டி நாட்டுப் பழம்பதிகளுள் ஒன்று. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய குலச்சிறையார் தோன்றிய ஊர் இதுவெனப் பெரியபுராணம் கூறும். அவர் பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராய் இருந்தவர். வேற்றுச் சமயம் தழுவிய வேந்தனிடத்துப் பணிபுரிந்தவாறே மங்கையர்க்கரசியாரோடு கூடித் திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்தவர். தன் கருத்துக்கு மாறான கருத்துடைய அரசன் முன் அவ்வமைச்சர் எத்துணை முறை நாவடக்கியும், எத்துணை முறை நயந்துரைத்தும் காலங் கழித்திருத்தல் வேண்டும்! அவ்வுரைகள் நமக்குக் கிட்டில. எனினும் அமைச்சர்க்குச் சொல்லே படைக்கலம் என்பதைத் திருவள்ளுவர் தெளிவாக உணர்ந்திருந்தார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் அதிகாரங்களை அவர் அமைச்சினைப் பற்றிய பகுதியிலேயே வைத்தார். கேட்டாரைப் பிணித்தலும், கேளாதாரும் விரும்புமாறு மொழிதலுமே சொல்லின் இலக்கணம் என்பது அவர் கருத்து.

இவ்வூரில் முதுகலை மாணாக்கர் சிலருடன் சனிக்கிழமைதோறும் கூடி உரைநடை நூல்களைப் பயின்று வந்தோம். கேட்போரைச் சொல்லுவோன் தன் வழிப்படுத்தும் உரையை ‘இணக்கவுரை’ என்று ஈண்டுக் குறிப்பிடுவோம். இவ்வுரையின் இயல்பை விளக்க நாம் முதலில் எடுத்துக்கொண்டவை அமெரிக்க விடுதலைக் காலத்து எழுத்துக்களே. பாட்ரிக் என்றி 1775ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவு, தாமசு பெயின் 1776 சனவரியில் தம் பெயர் காட்டாது வெளியிட்ட ‘பொது அறிவு’ என்னும் சிறுநூல், அதே ஆண்டு சூலை 4ஆம் நாள் ஏற்கப்பெற்ற விடுதலை அறிக்கை ஆகிய மூன்றும் அமெரிக்கக் கல்லூரிகளில் இப்பாடத்திற்குரிய வழக்கமான நூல்கள். அவற்றைப் படித்து முடித்த அன்று மாணவி ஒருத்தி எழுந்து, “நம் மொழியில் இத்தகையதொன்று இல்லையோ?” என்று வினவினாள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

2. தமிழில் இணக்கவுரை

தமிழில் இணக்கவுரை இல்லாமற் போகவில்லை. புறநானூற்றில் துணைவஞ்சி என்னும் துறையமைந்த பாடல்கள் யாவும் போர்மேற் செல்வானை அமைதிப்படுத்தும் உரைகளே. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர் கிழார் இருவரையும் நோக்கி, நும் எதிரே நிற்பவன் பனந்தார் பூண்டவனுமல்லன், வேப்பந்தார் பூண்டவனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே என்று சுட்டுகின்றார். தோற்பவர் எவராயினும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் வாதம். கேட்போர் கண்ணெதிரே காணும் பூவொன்றைச் சான்றாக்கி அவர் வாயை அடைக்கும் இவ்வுத்தி எந்நாட்டு உரைக்கலைக்கும் பெருமை தருவதாகும். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையிற் கண்ணகியின் உரையும் சான்றுகாட்டி வெல்லும் உரையே.

தொல்காப்பியர் செய்யுளியலுள் வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ என்பவற்றை வகுத்தார். வேம்பும் கடுவும் போல முன்னர்க் கைத்தாலும் பின்னர்ப் பயன்தரும் கடுஞ்சொல் வாயுறை வாழ்த்தாம். வசையை அங்கதம் எனப் பெயரிட்டு அதனையும் வெளிப்படை, மறைபொருள் என இருவகைப்படுத்தினார். ஆகவே இணக்கவுரையை ஆராய்தற்கு வேண்டிய அளவுகோல்கள் நம்மிடமே உள. அரிசுட்டாட்டில் கூறிய சொல்வோன் தகுதி, கேட்போர் உள்ளநிலை, சொல்லின் ஏரணம் என்னும் மூன்றனையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுதல் தவறாகாது.

ஆயினும் மேற்கூறியவை ஓர் அரசனை நோக்கி ஒருவர் கூறியவை. பெயரறியாத பெருங்கூட்டத்தை நோக்கி, ஆட்சி மாற்றம் வேண்டி, எழுத்தில் அமைந்த இணக்கவுரை வேண்டுமாயின் நாம் செல்லவேண்டிய ஆண்டு 1801.

3. அறிக்கையும் அதன் சூழலும்

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பினான். பாஞ்சாலங்குறிச்சி மே மாதத்தில் மீண்டும் வீழவே, சிவகங்கைச் சீமையின் மருது உடன்பிறந்தாரிடம் அடைக்கலம் புகுந்தான். இந்நிலையில் 1801 சூன் 16ஆம் நாளிட்ட அறிக்கையொன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிற் சுவரிலும் திருவரங்கத்துக் கோயிற் சுவரிலும் ஒட்டப்பெற்றது. சின்ன மருது பெயரால் வழங்கும் இது ‘சம்புத்தீவு அறிக்கை’ என்றும் திருச்சிராப்பள்ளி அறிக்கை என்றும் சுட்டப்படும். சம்புத்தீவு என்பது தமிழ் நூல்கள் கூறும் நாவலந்தீவே. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது உடன்பிறந்தார் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

சின்ன மருது சிவகங்கையின் பிரதானி, அஃதாவது அமைச்சர், என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மணமேல்குடிக் குலச்சிறையாரின் சொல் நமக்குக் கிட்டவில்லை. அண்டை நாட்டு அமைச்சர் ஒருவரின் சொல் கிட்டியுள்ளது. எனினும் வரலாற்றுத்துறை போற்றும் இவ்வறிக்கை தமிழ் உரைநடை வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை.

4. நாம் செய்த பிழை

இவ்விடத்து நம் பிழையொன்றை மறையாது கூறுதல் கடமை. அறிக்கையின் தமிழ் வடிவம் ஒன்றை மாணாக்கர்க்குப் படித்துக் காட்டி, அதன் சொல்லாட்சியையும் தொடர் நடையையும் மருதுவின் நடையெனப் பாராட்டி ஒரு நாள் முழுதும் விரிவுரை ஆற்றினோம். மறுவாரம் மாணவர் ஒருவர் வேறொரு தமிழ் வடிவத்தைக் கொணர்ந்தார். பொருள் ஒன்றே, சொற்கள் வேறு. ‘இவற்றுள் மருதுவின் சொல் எது?’ என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடையில்லை.

உண்மை யாதெனின், கும்பினியார் ஆவணங்கள் வழி நமக்குக் கிடைப்பது ஆங்கிலப் பெயர்ப்பு. இன்று வழங்கும் தமிழ் வடிவங்கள் பெரும்பாலும் அதனை மீண்டும் தமிழாக்கியவை. அவற்றின் சொல்லழகு பிற்காலப் பெயர்ப்பாளரின் சொல்லழகே. அதனை மருதுவினுடையதாகக் கொண்டு அணி ஆராய்தல் மணலின்மேற் சுவர் எழுப்புவதாகும்.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. பாட்ரிக் என்றியின் புகழ்பெற்ற சொற்பொழிவு 1775 மார்ச் 23ஆம் நாள் ஆற்றப்பெற்றது. இன்று மாணாக்கர் மனனம் செய்யும் அதன் வடிவமோ, வில்லியம் விர்ட் என்பார் 1817இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில் அமைத்துத் தந்தது. என்றி அதற்கு 18 ஆண்டுகட்கு முன்னரே இறந்துவிட்டார். பேச்சைக் கேட்டோர் நினைவுகளைத் திரட்டி விர்ட் அதனை அமைத்தார். எனவே அமெரிக்க நாட்டின் மிகப் புகழ்பெற்ற இணக்கவுரையின் சொற்களும் பேசியவரின் சொற்களே என்று உறுதிகூற இயலாது.

இதனால் அவ்வுரைகளைப் பாடமாக வைத்தல் ஆகாது என்பது நம் கருத்தன்று. சொல்லை ஆராய இயலாவிடத்துப் பொருள்வைப்பினை ஆராயலாம். யாரை விளித்தான், எதனை முன்வைத்தான், எதனைப் பின்வைத்தான், யார்மீது குற்றம் சாற்றினான், எங்கே முடித்தான் என்பன மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் அழிவதில்லை. ஆங்கிலப் பெயர்ப்பில் ஒரு தமிழ்ச்சொல் மட்டும் அவ்வாறே நின்றுள்ளது. வெள்ளையர் ஆளும் பகுதிகளில் மக்கள் வறியராயினர் என்று கூறுமிடத்துச் சோறு ‘வெள்ளம்’ ஆயிற்று என்று எழுதி, அச்சொல்லுக்கு நீர் எனப் பொருளும் தந்துள்ளார் பெயர்ப்பாளர். பானையுள் பருக்கையின்றி நீரே நிற்கும் வறுமையை ஒரு சொல்லாற் காட்டிய மூலத்தின் குரல் அவ்வொரு சொல்லளவில் நம் செவிக்கு எட்டுகின்றது.

5. பொருள்வைப்பு

அறிக்கை முதலில் இதனைக் காண்பார் யாவராயினும் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகின்றது. பின்னர்ச் சம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் நாட்டாரையும் விளித்து, நால் வருணத்தாரையும் இசுலாமியரையும் தனித்தனியே பெயர் சுட்டுகின்றது. அமெரிக்க அறிக்கை உலகத்தார் கருத்தை மதித்து அவர் முன் காரணங்களை வைப்பதாகத் தொடங்குவது. அது வழக்கு மன்றத்தில் நிற்பவன் நடுவரை நோக்கிப் பேசும் முறை. மருதுவின் அறிக்கையோ உலகத்தாரை நோக்கவில்லை; தன் வீட்டாரையே நோக்குகின்றது. அது மன்றத்து முறையன்று, மந்தையில் ஊர்கூட்டிப் பேசும் முறை.

அடுத்து வருவது குற்றச்சாட்டு. அமெரிக்க அறிக்கையில் 27 குற்றச்சாட்டுகள் நிரல்பட அடுக்கப்பெற்றுள்ளன. அவை பெரிதும் ஆங்கில மன்னன் மேலன. சம்புத்தீவு அறிக்கையின் முதற்குற்றச்சாட்டோ நம்மவர் மேலதாகும். நவாபு முகம்மது அலி அறிவின்றி ஐரோப்பியர்க்கு இடங்கொடுத்துக் கைம்பெண் போல் ஆயினான் என்கின்றது. ஐரோப்பியர் நம்பிக்கையைக் கெடுத்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்கின்றது. உடனே திரும்பி, உங்களுக்குள் ஒற்றுமையும் நட்பும் இல்லாமையாலும், ஒருவரையொருவர் பழிதூற்றியதாலும் நீங்களே நாட்டை அவர்களிடம் ஒப்படைத்தீர்கள் என்று கேட்போர்மேல் பழி வைக்கின்றது. துன்பத்தை வெளிப்படையாக நுகர்ந்தும் அதன் காரணத்தை உணரும் அறிவின்றி உள்ளனர் என்றும் இரங்குகின்றது.

இவ்வைப்பு முறையே அறிக்கையின் பேராற்றல் என்பது நம் துணிபு. பகைவனை மட்டும் பழித்திருப்பின் கேட்போர் மகிழ்ந்து கலைந்திருப்பர். தம் பிழையைக் கேட்டவன் தனக்கும் செய்யவேண்டிய கடன் ஒன்றுண்டு என உணர்வான். பிரிவே அடிமைக்குக் காரணம் எனின் கூடுதலே விடுதலைக்கு வழி என்னும் முடிபைச் சொல்லுவோன் கூறாமலே கேட்போன் தானே எய்துவான். இது வாயுறை வாழ்த்தின் இயல்பு. கைக்கும், ஆயினும் மருந்தாம். சொல்வோன் தன்னை அரசர்களின் ஊழியன் எனக் கூறிக்கொண்டு கையொப்பமிட்டமையும் நோக்கத்தக்கது. கடிந்துரைப்பவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டாலன்றிக் கடிதல் பொறுக்கப்படாது.

வேண்டுவது யாது என்பதிலும் இரு நாட்டு அறிக்கைகளும் வேறுபடுகின்றன. ஆளப்படுவோர் இசைவே ஆட்சிக்கு அடிப்படை என்றும், அது தவறின் புதிய ஆட்சி அமைக்கலாம் என்றும் அமெரிக்கர் வாதித்தனர். மருதுவின் அறிக்கை நவாபுக்கு ஆர்க்காடும் பிறர்க்கு அவரவர் முன்னை நாடும் மீள வேண்டும் என்று கேட்கின்றது. முன்னது புதுமை நாட்டுவது. பின்னது உரிமை மீட்பது. ஏரணத்தால் நோக்கின் பின்னதில் ஓர் இடைவெளி உண்டு. பழைய உரிமையாளர் மீண்டும் ஆண்டால் பழைய பிரிவுகளும் மீளாவோ என்பதற்கு அது விடை தரவில்லை. பிரிவே நோய் என்று கண்டவர், பிரிந்து ஆண்ட முறையையே மருந்தாகத் தந்தார்.

6. இருவகை வசை

அறிக்கையின் இறுதிப் பகுதியைக் குறித்து மாணாக்கரிடையே பெரும் பூசல் எழுந்தது. இத்தாளைச் சுவரினின்றும் கிழிப்பவன் கங்கைக்கரையிற் பசுவைக் கொன்ற பாவத்திற்கு ஆளாவான் என்றும், கிழிப்பவன் இசுலாமியனாயின் அவன் நெறிக்கு விலக்காகிய செயல் செய்த பழிக்கு ஆளாவான் என்றும் அது முடிகின்றது. ‘காரணம் காட்டி இணங்கவைக்க இயலாதவன் சாபமிடுகின்றான்’ என்றார் ஒரு மாணவர். அமெரிக்க நூல்களை மட்டும் பயின்றார்க்கு அவ்வாறே தோன்றும்.

கோயிற் கல்வெட்டும் செப்பேடும் பயின்றார்க்கு அவ்வாறு தோன்றாது. கொடையைக் கூறி முடித்த பின்னர், அதனை அழிப்பவன் அடையும் பாவத்தைக் கூறிக் காக்கவேண்டும் பகுதி ஓம்படைக்கிளவி எனப்படும். கங்கைக்கரையும் பசுவும் அதில் வழிவழி வருவன. பிற்கால ஆவணங்கள் சிலவற்றில் இசுலாமியர்க்கு அவர் நெறிக்கேற்பத் தனிக்கிளவியும் உண்டு. மருதுவின் அறிக்கை மழை பெய்தால் கரையும் தாள். அதனை ஒட்டியவர் கல்வெட்டின் காப்பினை அத்தாளுக்கு அளித்தார். கோயிற் சுவரில் நிற்கும் எழுத்துக்கு அக்கால மக்கள் என்ன மதிப்பளித்தனரோ அம்மதிப்பைத் தம் எழுத்துக்கும் வேண்டினார். ஆகவே இஃது ஏரணத்தின் வறுமையன்று. மரபறிந்து செய்த உத்தியே. மேலும் இச்சாபம் கருத்தை ஏற்காதவனைச் சாரவில்லை, தாளைக் கிழிப்பவனையே சார்கின்றது. ஏற்காதவனும் கிழிக்காமற் செல்லலாம்.

ஆனால் அறிக்கையில் வேறொரு வசையும் உண்டு. இக்கருத்துக்கு உடன்படாதவரின் மீசையையும் பிறப்பையும் இழித்துக் கூறும் கடுஞ்சொற்கள் அவை. கும்பினிப் படையிற் பணிபுரிந்த சிப்பாய்களையும் சுபேதார்களையும் தன்பக்கம் அழைக்கும் அறிக்கை இது. அழைக்கப்பெறுவோனையே இழித்தால் அவன் வருதற்குரிய வாயில் அடைபடும். கைக்கும் மருந்து வேறு, நஞ்சு வேறு. இங்கே வாயுறை வாழ்த்து செம்பொருள் அங்கதமாய்த் திரிந்து பயன் இழக்கின்றது என்பதே நம் மதிப்பீடு.

இக்குறை மருதுவிடம் மட்டும் உள்ளதன்று. தாமசு பெயினும் ஆங்கில அரசுடன் இணக்கம் நாடுவோரைத் தன்னலத்தார், அறிவிற் குறைந்தார், ஒருசார்பினர், மிதவாதிகள் என நால்வகைப்படுத்தி எள்ளினார். அமெரிக்க அறிக்கை மட்டும் ஆங்கில மக்களைப் போரிற் பகைவராகவும் அமைதியில் நண்பராகவும் கொள்வதாகக் கூறி ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதுவும் எல்லார்க்கும் திறந்த கதவன்று. செபர்சன் வரைவில் இருந்த அடிமை வாணிகக் கண்டனத்தைப் பேரவையினர் நீக்கினர். அந்நாட்டுத் தொல்குடியினரை அவ்வறிக்கை இழிசொல்லாற் குறித்தது. சம்புத்தீவு அறிக்கையோ நால் வருணத்திற்குப் புறத்தே வைக்கப்பட்டாரையும் கிறித்தவத் தமிழரையும் பெயர்சுட்டி அழைக்கவில்லை. எல்லாரையும் நோக்கிப் பேசுவதாகக் கூறும் உரையில் யார் பெயர் இல்லை என்று தேடுதல் மாணாக்கர்க்கு நாம் கற்பிக்கவேண்டிய முதற்பாடம்.

7. இணங்காதவன் செவி

மணமேல்குடி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடமாயிற்று. இதற்கு வடக்கே தஞ்சை மண், தெற்கே சேதுநாடு, மேற்கே தொண்டைமான் சீமை. கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசு. 1801லும் அது கும்பினியார் பக்கமே நின்றது. நம் மாணாக்கர் இம்முத்திசையினின்றும் வந்தவர். அறிக்கையை உரக்கப் படித்தபோது சிலர் நிமிர்ந்தனர்; சிலர் தலை கவிழ்ந்தனர். ‘எம் ஊரார் மீசையைப் பழித்தவரை நாங்கள் ஏன் போற்றவேண்டும்?’ என்று தொண்டைமான் சீமை மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. 200 ஆண்டுகட்கு மேற்பட்ட தாளொன்று இன்றும் ஒருவன் நெஞ்சைச் சுடுகின்றதெனின் அது வெறும் ஆவணமன்று, உயிருள்ள உரை.

அவரை நாம் மறுக்கவில்லை. இணக்கவுரையின் தரத்தை முன்னரே இணங்கியவன் மகிழ்ச்சியால் அளத்தல் ஆகாது. இணங்காதவன் செவியாலேயே அளத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வினாவே சான்றாயிற்று. அதே வேளையில் உரையின் தரத்தைப் போரின் முடிவால் அளத்தலும் தவறு. மருதுவின் படை தோற்றதற்குப் படைக்கலம், பொருள், உளவு எனப் பல காரணங்கள் உண்டு. தோற்றமையால் அறிக்கை தாழ்ந்ததன்று; வென்றமையால் அமெரிக்க அறிக்கை உயர்ந்ததுமன்று.

அன்று மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி தந்தோம். 1801 சூன் மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் காவல் நிற்கும் சிப்பாய் ஒருவன் இவ்வறிக்கையைப் படித்தபின் எழுதும் மறுமொழியை எழுதுக என்றோம். சிலர் அவனை வீரனாக்கினர், சிலர் இரண்டகனாக்கினர். முதலில் வினவிய மாணவியின் விடை மட்டும் வேறாயிருந்தது. ‘இதனைக் கிழிக்க எனக்குக் கை எழவில்லை, இதன்படி நடக்கக் கால் எழவில்லை, என் பிள்ளைகள் உண்ணும் சோறு யார் தருவது என்று இதில் ஒரு வரி இருந்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தாள். அறிக்கை சோறு வெள்ளமாயிற்று என்று சரியாகக் கண்டது. சிப்பாயின் பானையில் சோறு கும்பினியார் ஊதியத்தால் நிறைவதைக் காணத் தவறியது. நாம் பல பக்கங்களில் கூற முயன்ற குறையை அவள் ஒரு தொடரில் கூறிவிட்டாள்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துக்களை வலியுறுத்துகின்றோம். ஒன்று, 1801ஆம் ஆண்டு அறிக்கை முதுகலைத் தமிழ் உரைநடைத் தாளில் இடம்பெறல் வேண்டும்; அமெரிக்க எழுத்துக்களை அதனோடு ஒப்பிட்டுப் பயிற்றுவதால் இரண்டும் விளங்கும். இரண்டு, மூலம் கிட்டும்வரை அதன் சொல்லை மருதுவின் சொல்லாகப் பாராட்டாது, பொருள்வைப்பினையே ஆராய்தல் வேண்டும். தமிழ் மூலத்தை ஆவணக் களரிகளில் தேடும் பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்ளல் வேண்டும். மூன்று, இணக்கவுரை கற்பிப்போர் பேசுவோன் திறத்தை மட்டும் காட்டி அமையாது, அழைக்கப்படாதவனையும் இணங்காதவனையும் வகுப்பினுள் அழைத்துவருதல் வேண்டும்.

குலச்சிறையார் முன் இருந்தவனும் இணங்காத அரசனே. கேளாதாரும் விரும்ப மொழிதல் என்னும் வள்ளுவர் இலக்கணம் அத்தகைய செவிகளைக் கருதியே எழுந்தது. அவ்விலக்கணத்தைக் கற்பிக்க மணமேல்குடி மாணாக்கர் வேற்று நாட்டு நூல்களோடு நின்றுவிட வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளிச் சுவரிலும் ஒரு பாடம் உண்டு.